சுடவில்லை, அவிக்கிறது

இரண்டாவது ஷிப்ட் பத்து மணிக்கு விடும். எண்ணூரிலிருந்தோ மணலியிலிருந்தோ கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டியை நுழைத்து டோல்கேட் வந்து சேர்வதற்குள் பதினொன்றை நெருங்கிவிடும். அந்நேரத்துக்குத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கிடைப்பது பரோட்டாவும் ஃபிரைட் ரைஸும்தான். எங்கள் தெருத் தம்பி ஒருவர் அதை விட்டுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் இரண்டு உருளைக்கிழங்கைக் கழுவி, தோலோடு மைக்ரோவேவ் ஓவனில் வைத்து, வெந்ததும் மிளகுத்தூள் தூவிச் சாப்பிட்டுப் படுத்துவிடுகிறார். குக்கர் விசிலால் யாரும் எழுந்துகொள்வதில்லை.

அவருடைய அம்மாவுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. "கரண்ட்டுல சுட்டதைத் துன்னா கேன்சர் வரும்னு சொல்றாங்களே, மெய்யாலுமா?" என்று என்னைக் கேட்டார்.

வராது. அந்தக் கேள்வியில் 'சுட்டது' என்ற சொல்லே பொருந்தாது என்பதிலிருந்துதான் பதிலைத் தொடங்க வேண்டும்.

தன் தண்ணீரில் தானே வேகும் கிழங்கு

உருளைக்கிழங்கின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். ஓவனுக்குள் பாயும் நுண்ணலைகள் அந்தத் தண்ணீர் மூலக்கூறுகளை உலுக்குகின்றன. அந்த உலுக்கலே சூடாகிறது. அலைகள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் வரைதான் நன்றாக இறங்கும். நடுப்பகுதிக்கு வெளிப்புறச் சூடு பரவிப் போய்ச் சேரவேண்டும். கிழங்கில் ஈரம் இருக்கும் வரை அதன் சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். அதனால்தான் தோல் மொறுமொறுப்பாவதில்லை. பெயர் 'பேக்டு பொட்டேட்டோ' என்றாலும் நடப்பது அவித்தல்தான்.

இந்த அலைகள் எக்ஸ்-ரே போல உயிரணுக்களின் மரபுப்பொருளைச் சிதைக்கும் வகையைச் சேர்ந்தவை அல்ல. ஓவன் நின்றால் அலையும் நின்றது. விளக்கை அணைத்த பிறகு அறையில் வெளிச்சம் தேங்குவதில்லையே, அது போல. உணவில் கதிர்வீச்சு தங்குவதில்லை.

கேன்சர் என்ற பேச்சு வந்துவிட்டதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். உருளைக்கிழங்கை 120 டிகிரிக்கு மேல் பொரித்தாலோ வறுத்தாலோ அக்ரிலமைடு என்ற பொருள் உருவாகும். உணவில் இது இருப்பதை 2002இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். விலங்குச் சோதனைகளில் இது புற்றுநோய் உண்டாக்கியது. உணவு வழியாக மனிதருக்கும் அப்படி நேர்கிறதா என்பது இன்னும் உறுதிப்படவில்லை. கிழங்கை வேகவைத்தாலும், தோலோடு முழுசாக மைக்ரோவேவில் வைத்தாலும் அக்ரிலமைடு உருவாவதில்லை என்கிறது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம். சந்தேகப்பட வேண்டுமானால் அம்மா சிப்ஸ் பாக்கெட்டைச் சந்தேகப்படட்டும்.

குத்த மறந்தால் வெடிக்கும்

ஊட்டிக் கிழங்கென்றால் செம்மண் போகத் தேய்த்துக் கழுவுங்கள். முள்கரண்டியால் எட்டுப் பத்து இடத்தில் குத்துங்கள். உள்ளே கிளம்பும் ஆவிக்கு வழி இல்லையென்றால் கிழங்கு வெடித்து ஓவன் முழுக்கச் சிதறும். கதவைத் திறக்கும் நேரத்தில் வெடித்தால் முகம் வெந்துவிடும். 150 முதல் 200 கிராம் கிழங்கு ஒன்றுக்கு ஐந்திலிருந்து எட்டு நிமிடம், பாதியில் ஒரு முறை திருப்பிப் போட்டு. பிறகு உடனே வெட்டாமல் மூன்று நான்கு நிமிடம் ஆறவிட்டால் நடுவிலும் பதமாகும். மறந்துபோய் இருபது நிமிடம் ஓடவிட்டால் ஈரம் வற்றி, கருகி, தீப்பிடிக்கவும் கூடும்.

கோடையில் நம் பக்கம் வோல்டேஜ் இறங்கும்போது ஓவனின் வேகமும் குறையும். கடிகாரத்தை நம்பாமல் கரண்டியால் குத்திப் பாருங்கள். பிளக்கை 15 ஆம்பியர் பாயின்ட்டில் மட்டும் செருகுங்கள். கடல் பக்கத்திலேயே இருப்பதால் உப்புக்காற்று இரும்பைத் தின்னும் ஊர் இது. உள்சுவரில் பெயின்ட் உரிந்து துரு ஏறியிருந்தாலோ, கதவு சரியாக மூடாவிட்டாலோ மெக்கானிக் பார்க்கும்வரை ஓட்டாதீர்கள். ஆறு நிமிடத்துக்கு ஆகும் மின்சாரம் யூனிட்டில் ஏழெட்டில் ஒரு பங்குதான்.

எவர்சில்வரும் பார்சல் டப்பாவும்

நம் வீடுகளில் கை முதலில் போவது எவர்சில்வர் தட்டுக்கு. அது உள்ளே போகக்கூடாது. அலுமினிய ஃபாயிலும் கூடாது. இரண்டும் பொறி பறக்கவைக்கும். பிரியாணி வந்த பிளாஸ்டிக் டப்பா, மெலமைன் தட்டு இரண்டையும் தவிர்க்கலாம். சூட்டில் அவற்றின் வேதிப்பொருள் உணவில் இறங்க வாய்ப்புண்டு. கண்ணாடி அல்லது பீங்கான் தட்டு போதும். ஜரிகைக்கோடு போட்ட கல்யாணப் பரிசுப் பீங்கான் மட்டும் வேண்டாம், அந்தக் கோடும் உலோகம்தான்.

பச்சை பூத்த கிழங்கு

வெளிச்சம் பட்டுத் தோல் பச்சையானதிலும் முளைவிட்டதிலும் சோலனைன் போன்ற நச்சுகள் கூடியிருக்கும். வயிற்றுவலி, வாந்தி, தலைவலி வரலாம். அவிக்கும் சூட்டில் இவை அழியாது. தோலோடு சாப்பிடும்போது ஆபத்து இன்னும் அதிகம். கொஞ்சம் பச்சை என்றால் ஆழமாகச் சீவி எறிந்துவிட்டுக் குழம்பில் போடுங்கள். நிறையப் பச்சையென்றாலோ, கசந்தாலோ குப்பைக்குப் போகட்டும்.

சர்க்கரை உள்ளவருக்கு, சிறுநீரகம் பழுதானவருக்கு

2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடி. நம் தெருவிலும் வீட்டுக்கொருவர் இருப்பார்போல் இருக்கிறது. வெந்த உருளை ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். ஆகவே அதைக் காய்கறிக் கணக்கில் சேர்க்காமல் சோற்றுக் கணக்கில் வையுங்கள்: ஒரு சிறு கிழங்கு தின்றால் அந்த அளவுக்குச் சோற்றைக் குறையுங்கள். கூடவே முட்டையோ காசிமேட்டு மீனோ இருந்தால் நல்லது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு விஷயம் வேறு. 100 கிராம் உருளையில் 400 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் உண்டு. துண்டு போட்டு நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கொட்டினால் அதில் ஒரு பகுதி போய்விடும். ஓவனில் தண்ணீரே சேர்ப்பதில்லையே, கொட்டுவதற்கு எதுவுமில்லை. மற்றவர்களுக்கு வைட்டமின் சி தங்குவதும் இதே காரணத்தால்தான். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் போய் வருகிறவர் வீட்டில் இந்த முறை வேண்டாம். உருளை சாப்பிடலாமா, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மிஞ்சிய கிழங்கு

1994இல் அமெரிக்காவின் எல் பாசோ நகரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 30 பேருக்கு பொட்டுலிசம் என்ற நச்சுநோய் வந்தது. நரம்புகளை முடக்கும் நோய் அது. ஃபாயில் சுற்றிச் சுட்ட உருளையை அப்படியே வெளியில் வைத்திருந்து, பிறகு அதைக் கொண்டு தொட்டுக்கொள்ள ஒரு மசியல் செய்திருந்தார்கள். காற்றுப் புகாத, ஈரமான, வெதுவெதுப்பான இடம் அந்த நோயை உண்டாக்கும் கிருமிக்கு வாகானது. கொதிக்கும் சூட்டையும் தாங்கிக் கிடக்கும் அதன் வித்துகள் மண்ணோடு வருபவை. சென்னை வெயிலில் இதை மறக்கக்கூடாது: வெந்த கிழங்கை ஃபாயிலில் சுற்றி வைக்காதீர்கள், இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

இதையெல்லாம் சொன்னபோது அம்மா பாதி சமாதானமானார். "மீந்தத காலையில இன்னா பண்றது?" என்றார். ஆறிய கிழங்கின் மாவுச்சத்தில் கொஞ்சம் செரிக்காத வகையாக மாறிவிடுவதால் சர்க்கரை ஏறுவதும் சற்றுக் குறையும் என்றேன். அதற்குள் அவர் உதிர்த்துப் பொடிமாஸ் போடக் கடுகு டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார்.