நாயின் கழுத்தில் ஒரு மின்துடிப்பு

நாய்ப் பயிற்சிக்கான மின்கழுத்துப்பட்டையில் இரண்டு பாகங்கள் உண்டு. பயிற்சியாளர் கையிலிருக்கும் ரிமோட் ஒன்று. அதன் வானொலி அலையைப் பெற்று, தோலைத் தொட்டு நிற்கும் இரு உலோக முனைகளின் வழியே நொடிக்கும் குறைவான நேரம் மின்துடிப்பைச் செலுத்தும் சிறு பெட்டி மற்றொன்று. பெரும்பாலான கருவிகளில் பீப் ஒலிக்கும் அதிர்வுக்கும் தனிப் பொத்தான்கள் உள்ளன. காது கேளாத நாயைத் திரும்பிப் பார்க்கவைக்க அதிர்வே போதும் என்பதால், அதற்காக மட்டும் இதை வாங்குவோரும் உண்டு.

மின்துடிப்பு அந்த இரு முனைகளுக்கு இடைப்பட்ட தோலிலேயே பாய்வதால், பட்டை சரியாக அமர்வதுதான் முதல் வேலை. அது தளர்ந்திருந்தால் முனைகள் மயிரின் மேலேயே நின்றுவிடும். நாய் உணரவில்லை என்றெண்ணி உரிமையாளர் அளவைக் கூட்டிக்கொண்டே போக, முனை திடீரெனத் தோலில் படும் கணத்தில் நாய் அலறிவிடும். ஆகவே பட்டையைக் கழுத்தின் மேற்பகுதியில், ஒரு விரல் மட்டும் நுழையுமாறு இறுக்குவர். மயிர் அடர்ந்த இனங்களுக்கு நீண்ட முனைகளைப் பொருத்துவர். ஒரே இடத்தில் மணிக்கணக்கில் அழுந்திக் கிடக்கும் முனை தோலைப் புண்ணாக்கும். மின்சாரம் சுட்டதாகக் கருதப்படும் காயங்களில் பல இந்த அழுத்தப் புண்களே. ஓரிரு மணிக்கொருமுறை பட்டையை நகர்த்துவதும் இரவில் கழற்றுவதும் இதனால்தான்.

அடுத்தது, நாய் உணரக்கூடிய மிகக் குறைந்த அளவைக் கண்டறிவது. மிகத் தாழ்ந்த எண்ணிலிருந்து ஒவ்வொரு படியாக ஏற்றி, காது லேசாகத் துடிப்பதோ ஈ உட்கார்ந்ததுபோல் நாய் தலையைத் திருப்புவதோ தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். நீண்ட கயிற்றில் கட்டி 'வா' என்ற கட்டளையை ஏற்கெனவே நன்றாகப் பழக்கியிருந்தால்தான், துடிப்பிலிருந்து தப்பும் வழி நாய்க்குப் புரியும். பழக்காத கட்டளையோடு பொத்தானை அழுத்துவது வெறும் தண்டனை.

துடிப்பின் வலிமையைவிட அது எதனோடு சேர்ந்து வருகிறது என்பதே முக்கியம். ஜெர்மனியின் ஹனோவரில் 14 பீகிள் நாய்களிடம் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வில், போலி இரையைத் தொட்ட கணத்தில் துடிப்புப் பெற்ற நாய்களுக்கு, மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் என்ற சுரப்பு குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை. காரணமே விளங்காமல் பெற்றவற்றுக்கு அது வெகுவாக உயர்ந்தது. எனினும் அழைத்தால் வரப் பழக்குவதற்கு இக்கருவி தேவையா என்பது வேறு கேள்வி. பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழகத்தார் 63 நாய்களை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட முடிவில், வெகுமதி தந்து பழக்கப்பட்டவை பட்டையால் பழக்கப்பட்டவற்றுக்குச் சற்றும் குறையவில்லை. வேல்ஸ் 2010இலேயே இக்கருவியைத் தடைசெய்துவிட்டது.

வெகுமதி எளிதில் எட்டாத இடம் நியூசிலாந்தின் காடுகள். பறக்க இயலாத கிவிப் பறவைக்கு மார்பெலும்பு வலுவற்றது என்பதால், நாய் விளையாட்டாகக் கவ்வினாலே அது செத்துவிடும். 1987இல் வைட்டாங்கி காட்டில் ஒரேயொரு ஜெர்மன் ஷெப்பர்ட் சுமார் 500 கிவிகளைக் கொன்றிருக்கலாம் என ஆய்வாளர் கணித்தனர். அதனால் அங்கே வேட்டை நாய்களைக் கிவியின் வாசனையையே வெறுக்கப் பழக்குகின்றனர். பாடம் செய்த கிவியை வழியில் வைத்து, பட்டையணிந்த நாயை அப்பக்கம் நடத்திச் செல்கையில், அது முகர மூக்கை நீட்டும் நொடியில் துடிப்பு தரப்படும். அப்போது உரிமையாளர் அதட்டுவதில்லை, ஏனெனில் வலி மனிதரிடமிருந்தன்றிப் பறவையிடமிருந்து வந்ததாகவே நாய்க்குத் தோன்ற வேண்டும். தேறிய நாய்க்குத் தரப்படும் சான்றிதழ் குறிப்பிட்ட காலத்துக்கே செல்லும். பின்னர் மறுபடி சோதிக்க வேண்டும், சான்றிதழ் உள்ள நாயையும் கிவி வாழும் இடத்தில் கண்பார்வைக்கு அப்பால் அலையவிடுவது கூடாது.