உவர் வயலும் ஜிப்சம் மூடையும்

2004 டிசம்பர் சுனாமியில் கடல்நீர் புகுந்த வயல்களைக் கண்ட நமது கரையோர மக்களுக்கு உவரின் கொடுமை புதிதல்ல. ‘உவருக்கு என்ன போடலாம்?’ என்று விவசாயி கேட்டால் பசளைக் கடைக்காரர் என்ன சொல்வது?

பயிரைக் கெடுப்பவற்றில் ஒன்று உப்பிலுள்ள சோடியம். வேர்க் கலங்களின் மென்சவ்வைக் காக்கும் கல்சியத்தின் இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. காவல் போனால் பொற்றாசியம் வெளியே கசியும். சோடியம் உள்ளே நுழையும். 1969இல் அமெரிக்க ஆய்வாளர்கள் லாஹே, எப்ஸ்டீன் இருவரும் போஞ்சிச் செடிக்கு உப்புநீருடன் போதிய கல்சியமும் கொடுத்தபோது, இலைகளுக்கு ஏறும் சோடியம் வெகுவாகக் குறைந்தது.

சுண்ணாம்பிலும் கல்சியம் உண்டு. ஆனால் அமிலமற்ற மண்ணில் அது கரைவது மிகக் குறைவு. ஜிப்சமோ ஒரு லீற்றர் நீரில் 2 கிராமுக்கு மேல் கரையும். மண்ணோடு ஒட்டிய சோடியத்தை அது விடுவிக்கும். பின் நன்னீர் பாய்ச்சி வடியவிட வேண்டும். வடிகால் இல்லாத வயலுக்கு ஜிப்சம் போடுவது வீண்செலவு.

‘மண்ணைப் பரிசோதித்தீர்களா? தண்ணீர் வடியுமா?’ இவ்விரண்டையும் கேட்டு விற்பவருக்கு இன்று சில மூடைகள் குறையலாம். ஆனால் அடுத்த போகத்திலும் அந்த விவசாயி அவர் கடைக்கே வருவார்.