கதவு மேஜையானது

அம்பத்தூரை அடுத்த மேனாம்பேட்டில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று இருக்கிறது. மாடியில் இரண்டே அறைகள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையாண்டான் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டுதான் வீட்டுப் பாடம் எழுதுவான். முதுகு கூன் போட்டுவிடுமே என்று கடையில் மேஜை வாங்கினார்கள். அதுவோ மாடிப்படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டு, மேலேயும் ஏறாமல் கீழேயும் இறங்காமல் அடம் பிடித்தது! ஒரு வழியாகத் திருப்பி அனுப்பிய பிறகு, "நமக்கு வேண்டியதை நாமே செய்துகொண்டால் என்ன?" என்றார் வீட்டு அம்மாள்.

மரம் இருந்தது. இடித்துவிட்ட பிறந்தகத்திலிருந்து அவர் பங்குக்கு வந்த தேக்குக் கதவு. அப்பா தினமும் இரவில் தாழ்ப்பாள் போட்ட கதவு. அறுத்துவிட்டால் அறுத்ததுதான், மறுபடி அது கதவாகுமா? ஒரு மாதம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார், பாவம்.

அவர் இதைச் சொன்னபோது எனக்குப் புதுச்சேரி ஞாபகம் வந்தது. அங்கே ஸ்ரீ அரவிந்த ஆசிரமத்தின் 'கோல்கொண்ட்' விடுதி இருக்கிறதல்லவா? அதன் வேலையைக் கவனிக்க 1937-ல் வந்தவர் ஜார்ஜ் நகாஷிமா. அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியர், கட்டடக் கலை படித்தவர். வந்த இடத்தில் சம்பளமே வேண்டாமென்று ஆசிரமவாசியாகிவிட்டார். ஸ்ரீ அரவிந்தர் அவருக்கு இட்ட பெயர் சுந்தரானந்தா. அந்த விடுதி அறைகளுக்காக அவர் தேக்கில் மர சாமான்கள் வரைந்தார்.

பிறகு யுத்தம் வந்தது. 1942-ல் ஜப்பானிய வம்சத்தவர்களை அமெரிக்க அரசாங்கம் முகாம்களில் அடைத்தது. மனைவி மேரியனோடும் கைக்குழந்தை மீராவோடும் நகாஷிமா ஐடஹோ மாகாணத்து மினிடோகா முகாமுக்குப் போனார். வேறொருவராயிருந்தால் மனம் ஒடிந்திருப்பார். இவரோ அங்கிருந்த கென்டாரோ ஹிகோகாவா என்ற தச்சரிடம் சிஷ்யராகச் சேர்ந்து, கழித்துப் போட்ட மரத்துண்டுகளில் வேலை பழகினார். 1943-ல் வெளியே வந்து பென்சில்வேனியாவில் பட்டறை போட்டார். வெடித்த பலகையை அவர் ஒதுக்க மாட்டார்; வெடிப்பின் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு கட்டையைப் பதித்துவிடுவார். 1990-ல் அவர் காலமான பிறகு பட்டறையைத் தொடர்ந்து நடத்தியவர் யார் தெரியுமா? முகாமில் கைக்குழந்தையாயிருந்த அதே மீராதான்!

மேனாம்பேட்டுக் கதவிலும் ஒரு வெடிப்பு இருந்தது. அறுத்துத் தர வந்த தச்சர், "பட்டி வெச்சு அடைச்சுடலாம்மா, தெரியாது" என்றார். "தெரியட்டும் அண்ணே" என்று அம்மாள் வண்ணத்துப்பூச்சியைக் காகிதத்தில் வரைந்து காட்டினார். தச்சர் சிரித்துக்கொண்டே உளியை எடுத்தார். நீங்களும் செய்வதானால் ஒன்றைக் கவனியுங்கள்: பதிக்கும் கட்டையின் ரேகை வெடிப்புக்குக் குறுக்கே ஓட வேண்டும். மாறிப்போனால் வண்ணத்துப்பூச்சி இடுப்பில் ஒடிந்துவிடும்.

அளவுக்குப் புத்தகம் தேட வேண்டாம். பிள்ளையை உட்கார வைத்து, பாதம் தரையில் படியும்படி முழங்கால் மடிப்பு வரை அளந்தால் அது ஆசன உயரம். தொங்கவிட்ட கையின் முழங்கை மட்டம் மேஜையின் உயரம். பிறகு தரையிலேயே சாக்கட்டியால் முழு அளவில் வரைந்து பாருங்கள். கதவு திறக்கிறதா, நடக்க வழியிருக்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். மாடிப்படித் திருப்பத்தையும் மறவாதீர்கள்!

பழைய மரமென்றால் முதலில் ஆணிகளைப் பிடுங்குங்கள். ஒளிந்திருக்கும் ஓர் ஆணி போதும், இழைப்புளியின் பல்லைக் கெடுக்க. இன்னொரு சங்கதி: பலகை நீளவாட்டில் அநேகமாக மாறாது, அகலவாட்டில் ஐப்பசி மழைக்கு உப்பும், சித்திரை வெயிலுக்குச் சுருங்கும். ஆகவே மேல்பலகையைச் சட்டத்தோடு அசையாமல் இறுக்கிவிடாமல், திருகாணிக்குச் சற்று நீளமான துளை விடுங்கள். இதைச் செய்யாமல் பலகை வெடித்த பிறகு மரத்தைத் திட்டிப் பிரயோசனமில்லை.

மேஜை முடிய நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. தாழ்ப்பாள் இருந்த குழியை மூட வேண்டாமென்று அம்மாள் சொல்லிவிட்டார். பையன் அதில் பென்சில் வைத்துக்கொள்கிறான். மிச்சப் பலகையில் ஊஞ்சல் போடலாமென்று இப்போது யோசனை. கூரைக் கொக்கிக்கு வீட்டுக்காரர்தான் இன்னும் சம்மதிக்கவில்லை.