காலைக் காக்கும் வழி

முத்தையாபுரம் வட்டாரத்தில் சுமை தூக்காத தொழில் என்று ஒன்றைத் தேடித்தான் பார்க்க வேண்டும். உப்பளத்தில் உப்பு மூட்டை, வயலில் உர மூட்டை, தோட்டத்தில் வாழைத்தார், கிணற்றடியில் மோட்டார். முதுகுவலிக்குத் தைலம் தேடுவோர் பலர். பாதத்தைப் பற்றி நினைப்போர் குறைவு.

50 கிலோவாக இருந்த யூரியா மூட்டை 2018 முதல் 45 கிலோ ஆகிவிட்டது. தோளுக்கு இது ஆறுதல்தான். ஆனால் அதே மூட்டை இடுப்பு உயரத்திலிருந்து நழுவி விழுந்தாலும் விரல் எலும்பு தாங்காது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்ட அட்டவணை, கால் பெருவிரல் அடியோடு போனால் உழைப்புத் திறனில் 14 சதவீதம் இழப்பு என்று கணக்கிட்டது. சேற்றில் விரல் ஊன்றி நடப்பவருக்கு அது குறைந்த மதிப்பே.

பெரும்பாலும் இறக்கும்போதுதான் காயம் ஏற்படுகிறது. இருவர் பிடித்த மூட்டையை ஒருவர் முந்தி விட்டுவிடுவார். சாக்கின் காது கிழியும். அட்டியின் அடி மூட்டையை உருவினால் மேலே உள்ளது சரியும். ஒருவர் குரல் கொடுக்க, இருவரும் சேர்ந்து இறக்க வேண்டும். அட்டியை மேலிருந்தே பிரிக்க வேண்டும். மோட்டாரைத் தரையில் வைக்குமுன் இரண்டு கட்டைகளைப் போட்டுக்கொண்டால் விரல் அடியில் சிக்காது. நழுவும் பொருளைக் காலால் தடுக்கும் பழக்கம் மிகவும் கெட்டது. விழுவது விழட்டும் என்று விலகிக்கொள்வதே நல்லது.

இரும்பு முனை வைத்த காலணி, 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் அடியைத் தாங்கும்படி செய்யப்படுகிறது. உப்பு நீரில் தோல் காலணி கெட்டுவிடும். இரும்பு முனையுள்ள ரப்பர் பூட்ஸ் ஏற்றது. நாள் முழுவதும் முடியாவிட்டாலும் லாரி ஏற்றும் நேரத்திலாவது அணியலாம்.

அடிபட்டால் முதலில் மெட்டியைக் கழற்ற வேண்டும். வீங்கிய பின் கழற்ற முடியாது. காயத்தை நல்ல தண்ணீரில் கழுவி, காலை உயர்த்தி வைத்து, குளிர்ந்த ஈரத்துணி சுற்றலாம். எண்ணெய் தேய்த்து நீவக் கூடாது. நகத்தடியில் இரத்தம் கட்டினால் வீட்டில் ஊசியால் குத்துவதும் ஆகாது. நான்கு அடி நடக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே அவசியம். தோல் கிழிந்திருந்தால் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு வலி தெரியாமலே புண் புரையோடும். ஆகையால் தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும்.

புண் ஆறும்வரை உப்புப் பாத்தியில் இறங்காமல், சாக்கு தைப்பது போன்ற உட்கார்ந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டால் கூலியும் நிற்காது, காலும் தேறும்.