ஹோம்ஸ்டே வைஃபை பாஸ்வேர்டை கடைசியா எப்ப மாத்துனீங்க? ரவுட்டருக்குள் நீங்களே போய் சரிசெய்வது எப்படி?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி ஹோம்ஸ்டேக்களுக்கு வரும் விருந்தினர்கள் முதலில் கேட்பது, "வெந்நீர் வருமா?" அடுத்த கேள்வி, "வைஃபை பாஸ்வேர்டு என்ன?" பல இடங்களில் அதற்கான பதில் சுவரிலேயே ஒட்டியிருக்கும்.

ஏப்ரல், மே சீசனில் வந்து போனவர்களின் போனில் அந்தப் பாஸ்வேர்டு அப்படியே சேமிக்கப்பட்டிருக்கும். செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது சீசன் வரும்போதும் அதே பாஸ்வேர்டுதான் ஓடிக்கொண்டிருக்கும். ஹோம்ஸ்டே மட்டுமல்ல, வாடகை வீடு, எஸ்டேட் குவார்ட்டர்ஸ், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஆன்லைன் வகுப்புக்காகப் பாஸ்வேர்டைக் கொடுத்த வீடு எல்லாவற்றிலும் இதே கதைதான்.

இதில் என்ன பிரச்னை? மாற்றுவது கஷ்டமா? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஒரு ரவுட்டர், இரண்டு பூட்டு

பலருக்கும் தெரியாத விஷயம் இது. உங்கள் ரவுட்டருக்கு இரண்டு பாஸ்வேர்டு உண்டு.

ஒன்று, வைஃபை பாஸ்வேர்டு. போனை இணையத்தில் இணைக்க நீங்கள் போடுவது.

இன்னொன்று, அட்மின் பாஸ்வேர்டு. ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் நுழையத் தேவைப்படுவது. பழைய ரவுட்டர்கள் பலவற்றில் யூசர்நேம் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்' என்றே கம்பெனியில் இருந்து வரும். கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர் மாற்றியிருக்க மாட்டார். நீங்களும் மாற்றியிருக்க மாட்டீர்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். வைஃபை பாஸ்வேர்டு தெரிந்த விருந்தினர், அட்மின் பாஸ்வேர்டையும் ஊகித்துவிட்டால் ரவுட்டரே அவர் கையில். உங்கள் பாஸ்வேர்டை மாற்றலாம், எந்தெந்தக் கருவிகள் இணைந்துள்ளன என்று பார்க்கலாம். இணையத்தின் முகவரிப் புத்தகமான டிஎன்எஸ் செட்டிங்கை மாற்றி, உங்களைப் போலி இணையதளத்துக்குத் திருப்பிவிடவும் முயலலாம்.

2017ல் பிஎஸ்என்எல் மோடம்களுக்கு என்ன ஆனது?

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2017 ஜூலையில் ஒரு மால்வேர், பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்களைத் தாக்கியது. கர்நாடகா உள்ளிட்ட பகுதிகளில் பாதிப்பு அதிகம். சுமார் 60 ஆயிரம் மோடம்கள் செயலிழந்ததாக அப்போது செய்திகள் வெளியாகின. குறிவைக்கப்பட்டவை, 'அட்மின்' என்ற பழைய பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட மோடம்கள். பாஸ்வேர்டை உடனே மாற்றச் சொல்லி வாடிக்கையாளர்களை பிஎஸ்என்எல் கேட்டுக்கொண்டது.

வைஃபை பாஸ்வேர்டு பக்கம் வந்தால், 2008ஐ மறக்க முடியாது. அந்த ஆண்டு ஜூலை 26ல் அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடந்தது. அதற்குச் சற்று முன் ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அதன் தடத்தைப் பிடித்துப் போன போலீசார் சென்று சேர்ந்த இடம், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீடு. அவருக்கும் குண்டுவெடிப்புக்கும் தொடர்பில்லை. அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். ஆனாலும் விசாரணை அவரைத்தான் சுற்றியது. வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பது குறித்து 2009 பிப்ரவரியில் இணைய சேவை நிறுவனங்களுக்கு தொலைத்தொடர்புத் துறை உத்தரவு பிறப்பித்தது.

காரணம் எளிது. வீட்டில் பத்து பேர் இணையம் பயன்படுத்தினாலும் வெளியுலகுக்குத் தெரிவது உங்கள் கனெக்‌ஷன் மட்டும்தான். முதல் கேள்வி கனெக்‌ஷன் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் வரும்.

ரவுட்டருக்குள் நுழைவது எப்படி?

போன் போதும். கம்ப்யூட்டர் தேவையில்லை.

1. போனை உங்கள் வைஃபையில் இணையுங்கள். மொபைல் டேட்டாவை ஆஃப் செய்யுங்கள். விபிஎன் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். 'பக்கமே திறக்கல' என்பவர்களில் பலருக்கு இதுதான் சிக்கல்.

2. ரவுட்டரின் எண்ணைக் கண்டுபிடியுங்கள். ரவுட்டரின் அடியிலோ பின்பக்கமோ உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. ஜியோ ஃபைபரில் 192.168.29.1. ஸ்டிக்கர் அழிந்துபோயிருந்தால், ஆண்ட்ராய்டு போனின் வைஃபை செட்டிங்ஸில் நீங்கள் இணைந்திருக்கும் பெயரைத் தொட்டு 'கேட்வே' என்ற எண்ணைப் பாருங்கள். ஐபோனில் அது 'ரவுட்டர்' என்ற பெயரில் இருக்கும்.

3. பிரவுசரின் மேலே உள்ள முகவரிப் பட்டியில் இந்த எண்ணை டைப் செய்யுங்கள். கூகுள் தேடல் பெட்டியில் போட்டால் சம்பந்தமில்லாத விளம்பரப் பக்கங்கள்தான் வரும்.

4. 'பாதுகாப்பற்ற பக்கம்' என்று பிரவுசர் எச்சரிக்கலாம். பதற வேண்டாம். உங்கள் வீட்டு வைஃபையில் இருந்து உங்கள் ரவுட்டரைத் திறக்கும்போது இப்படி வருவது வழக்கம்தான்.

5. ஸ்டிக்கரில் உள்ள யூசர்நேம், பாஸ்வேர்டைப் போடுங்கள். அவ்வளவுதாங்க, உள்ளே வந்தாச்சு.

முதலில் மாற்ற வேண்டியவை என்னென்ன?

அட்மின் பாஸ்வேர்டு: 'சிஸ்டம்' அல்லது 'மேனேஜ்மென்ட்' பகுதியில் இருக்கும். மாற்றியதும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இதை விருந்தினர் கண்ணில் படும்படி ரவுட்டர் மேலேயே ஒட்டிவிடாதீர்கள்.

வைஃபை பாஸ்வேர்டு: 'வயர்லெஸ்' அல்லது 'டபிள்யூலேன்' பகுதியில் இருக்கும். வீட்டுப் பெயர், போன் நம்பர் வேண்டாம். சம்பந்தமில்லாத நான்கு சொற்களைச் சேர்த்துப் போட்டால் நினைவிலும் நிற்கும், ஊகிக்கவும் கஷ்டம்.

பாதுகாப்பு முறை: 'டபிள்யூபிஏ3' இருந்தால் அது. இல்லையென்றால் 'டபிள்யூபிஏ2'. 'டபிள்யூஇபி' அல்லது 'ஓப்பன்' என்று இருந்தால் உடனே மாற்றுங்கள்.

டபிள்யூபிஎஸ், ரிமோட் மேனேஜ்மென்ட்: இரண்டையும் ஆஃப் செய்யுங்கள். முதலாவது, பாஸ்வேர்டு இல்லாமல் பட்டனையோ எட்டு இலக்க எண்ணையோ வைத்து இணையும் வசதி. இரண்டாவது, வெளியில் இருந்தே ரவுட்டரைத் திறக்கும் வழி. வீடுகளுக்கு இரண்டும் தேவையில்லை.

வைஃபை பாஸ்வேர்டை மாற்றியதும் டிவி, சிசிடிவி, போன் என எல்லாம் துண்டிக்கப்படும். ஒவ்வொன்றிலும் புதிய பாஸ்வேர்டைப் போடணும். அதனால் விருந்தினர் இல்லாத நாளில், ஆன்லைன் வகுப்போ ஆபீஸ் மீட்டிங்கோ இல்லாத நேரத்தில் செய்வது நல்லது.

விருந்தினருக்கு தனி வைஃபை

ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்கு மிக முக்கியமானது இதுதான். பல ரவுட்டர்களில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்ற வசதி உண்டு. சிலவற்றில் 'எஸ்எஸ்ஐடி 2' என்று இருக்கும். அதை ஆன் செய்து, தனிப் பெயரும் தனிப் பாஸ்வேர்டும் கொடுங்கள். சிசிடிவி, பில் போடும் கம்ப்யூட்டர், உங்கள் குடும்பத்தினரின் போன்கள் முதல் வைஃபையிலேயே இருக்கட்டும். சீசன் முடிந்ததும் கெஸ்ட் பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் போதும். வீட்டில் எதுவும் துண்டிக்கப்படாது.

ஒரு சின்ன சோதனை: கெஸ்ட் வைஃபையில் போனை இணைத்து 192.168.1.1 போன்ற உங்கள் ரவுட்டர் எண்ணைத் திறந்து பாருங்கள். லாகின் பக்கம் வந்தால் பிரிப்பு சரியாக நடக்காமல் இருக்கலாம். செட்டிங்ஸில் 'ஐசொலேஷன்' என்று இருந்தால் அதை ஆன் செய்து பாருங்கள்.

'யாரோ நம்ம வைஃபையைத் திருடுறாங்க!'

'கனெக்டட் டிவைசஸ்' பட்டியலைப் பார்த்ததும் பலர் பதறுவது இதற்குத்தான். தெரியாத பெயரில் ஏதோ இணைந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகிக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் தங்கள் உண்மையான அடையாள எண்ணுக்குப் பதில் வேறு எண்ணைக் காட்டுகின்றன. எனவே அது உங்கள் போனாகவே இருக்கலாம். வீட்டில் உள்ள கருவிகளை ஒவ்வொன்றாக ஆஃப் செய்து பாருங்கள். கடைசி வரை ஏதாவது பட்டியலில் மிஞ்சினால் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

கல் சுவருக்குள் சிக்னல் வரலையா?

பழைய பங்களாக்களின் தடித்த கல் சுவர்கள் வைஃபைக்கு எதிரி. 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வேகம் குறைவு, ஆனால் தூரம் போகும். அடுத்த அறையில் சிக்னல் விழவில்லை என்றால் 2.4ல் இணைத்துப் பாருங்கள்.

எஸ்டேட் லைன் வீடுகளில் பிரச்னை வேறு. சுவர் ஒட்டிய வீடுகளில் பல ரவுட்டர்கள் ஒரே சேனலில் மோதிக்கொள்ளும். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்கள்தான் ஒன்றின் மீது ஒன்று படியாதவை. மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, நன்றாக இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள்.

இதை மட்டும் தொடாதீங்க!

'வேன்', 'பிபிபிஓஇ', 'விலேன்' என்று இருக்கும் பகுதிகளில் கைவைக்க வேண்டாம். உங்கள் கனெக்‌ஷனின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது.

அதேபோல, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்பதற்காகப் பின்பக்கம் உள்ள சின்ன ரீசெட் ஓட்டையில் ஊசியை விட்டு அழுத்தாதீர்கள். கம்பெனி பதிவு செய்து வைத்த கனெக்‌ஷன் விவரங்களும் சேர்ந்து அழிந்துபோகலாம். பிறகு டெக்னீஷியன் மலையேறி வரும் வரை வீட்டில் நெட் இருக்காது. அதற்கு முன் கஸ்டமர் கேரை அழைத்து, உங்கள் பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு எல்லாவற்றையும் செய்ய நேரமில்லையா? அட்மின் பாஸ்வேர்டை மட்டுமாவது மாற்றிவிடுங்கள். மற்றவற்றை அடுத்த விருந்தினர் வருவதற்குள் செய்துகொள்ளலாம்.