முன்னே வெடிக்கிறதா, பின்னே வெடிக்கிறதா?

ஓடிக்கொண்டிருக்கும் கார் திடீரென்று ‘டப்’பென்று வெடித்தால் உள்ளே இருப்போர் திடுக்கிடுவர், தெருவில் போவோர் டயர் வெடித்ததென்று எண்ணித் திரும்பிப் பார்ப்பர். பட்டறைக்காரர்கள் இதனைப் ‘பேக்ஃபயர்’ என்பார்கள். மும்பை போன்ற ஊர்களில் பழைய வண்டியொன்றை வாங்கிக் குடும்பத்துடன் ஓட்டும் நம்மவர் பலர், பட்டறைக்காரரின் பேச்சு பாதி புரிந்தும் பாதி புரியாமலும், ‘இஞ்சினை இறக்கிப் பார்க்க வேண்டும்’ என்றதும் தலையசைத்து விடுகின்றனர். பெரும்பாலும் அத்துணைச் செலவுக்கு அவசியமே இராது.

சிலிண்டருக்குள் நான்கு காரியங்கள் முறையாக நடக்கின்றன. காற்றும் பெட்ரோலும் கலந்த ஆவியை உள்ளே இழுத்தல், அதனை அழுத்துதல், பொறியினால் எரித்தல், எரிந்த புகையை வெளியே தள்ளுதல். ஆவி மூடிய அறைக்குள் எரிந்தால் வண்டி ஓடும்; அறைக்கு வெளியே எரிந்தால் வெடிச்சப்தமாகும். வெளியே என்றால் இரண்டே இடங்கள்தாம்: முன்னே காற்று நுழையும் வழி, பின்னே புகை போகும் வழி. ஆகவே முதலில் அறிய வேண்டுவது, சப்தம் பானெட்டின் கீழிருந்து வந்ததா, சைலன்ஸரிலிருந்து வந்ததா என்பதே.

அம்பாஸடர், பத்மினி முதலிய கார்புரேட்டர் வண்டிகளில் முன்னே வெடித்தால், பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்துவிட்டதோ என்று முதலில் ஐயுற வேண்டும். அத்தகைய கலவை மெதுவாக எரியும். அது எரிந்து முடியுமுன்பே அடுத்த முறைக்காக உள்வால்வு திறக்க, எஞ்சிய நெருப்பு கார்புரேட்டரை நோக்கிப் பாய்கிறது. ஜெட்டில் தூசி அடைத்திருக்கலாம்; மேனிஃபோல்டு கேஸ்கெட் வழியே காற்று புகலாம்; வேக்குவம் ரப்பர்க் குழாய் வெடித்திருக்கலாம். நம் அன்பர் ஒருவர் வண்டிக்கு இஞ்சின் வேலை முழுவதும் செய்யவேண்டுமென்று ஒரு பட்டறையில் கூறினார்கள். வேறொருவர் மேனிஃபோல்டு இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவினார். ஓரிடத்தில் நீர் உள்ளே இழுக்கப்பட்டு இஞ்சினின் ஓட்டம் மாறியது. விரலளவு ரப்பர்க் குழாயை மாற்றியதும் வெடியும் நின்றது.

பிளக் வயர்களை இடம் மாற்றி மாட்டினாலும் முன்னே வெடிக்கும். மேற்சொன்ன இரு வண்டிகளிலும் பொறி விழும் வரிசை 1-3-4-2. பிளக் மாற்றிய மறுநாளே வெடி தொடங்கினால் முதலில் இவ்வரிசையைச் சரிபார்ப்பது நலம். இவை யாவும் சரியாயிருந்தால் மட்டுமே டைமிங் செயின், உள்வால்வு ஆகியவற்றுக்குப் போக வேண்டும்.

இங்கே ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். வண்டி கிளம்பாவிட்டால் ஏர்ஃபில்டரைக் கழற்றிக் கார்புரேட்டரின் வாயில் பெட்ரோல் ஊற்றும் வழக்கம் சாலையோரங்களில் உண்டு. அந்நேரத்தில் முன்னே வெடித்தால் ஊற்றுகிறவர் முகத்திலும் கையிலிருக்கும் புட்டியிலும் தீப்பிடிக்கும். யார் சொன்னாலும் இதற்கு இடங்கொடுக்கலாகாது.

பின்னே வெடித்தால் கதை வேறு. எரியாத பெட்ரோல் சைலன்ஸருக்குள் சென்று அங்குள்ள சூட்டில் பற்றிக்கொள்கிறது. ஒரு பிளக்கில் பொறி விழாதிருத்தல், டிஸ்டிரிபியூட்டர் பாயிண்ட் தேய்ந்திருத்தல், சோக்கை இழுத்தபடியே ஓட்டுதல், பொறி தாமதமாக விழுதல் ஆகியவை இதற்குக் காரணங்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது மட்டும் வெடித்தால், சைலன்ஸர் இணைப்பில் ஓட்டை விழுந்து வெளிக்காற்று புகுகிறதா என்று பார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றினால் அதன் நிறமே பாதி விடை சொல்லும்: கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் காற்று மிகுதி, வெளிர் பழுப்பானால் குறையில்லை. புகைக்குழாயின் வாயருகே ஒரு காகிதத்தைப் பிடித்துப் பார்ப்பது பழைய முறை. காகிதம் விட்டுவிட்டு உள்ளே இழுக்கப்பட்டால் வெளிவால்வு கருகியிருக்கக்கூடும். அப்போதுதான் இஞ்சினைத் திறக்கும் பேச்சுக்கே இடமுண்டு.

புதிய வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை. பெட்ரோலை இன்ஜெக்டர் அளந்து தெளிக்கிறது. கோளாறு கண்டால் முகப்பில் இஞ்சின் விளக்கு எரியும்; பட்டறையில் கருவியை மாட்டி அதன் எண்ணைப் படித்து விடுவார்கள். ஆயினும் வெடியை அலட்சியம் செய்வது இவ்வண்டிகளில்தான் பெருநஷ்டம். நாட்டின் நான்கு பெருநகரங்களில் 1995 முதல் புதிய பெட்ரோல் கார்களில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கட்டாயமாயிற்று. பிளாட்டினம், பல்லேடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் பூசிய தேன்கூடு போன்ற பொருள் அதனுள் இருக்கிறது. எரியாத பெட்ரோல் அங்கே சென்று எரிந்தால் அத்தேன்கூடு உருகிவிடும். சில நூறு ரூபாய்ப் பிளக்கைத் தள்ளிப்போட்டு, பல்லாயிரம் ரூபாய்க் கன்வர்ட்டரை இழப்பானேன்? விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி விடுவதே சரி.

சி.என்.ஜி. வண்டி வைத்திருப்போர் இன்னும் சற்றுக் கவனமாயிருக்க வேண்டும். இந்த வாயுவைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட வலுவான பொறி தேவை. பெட்ரோலில் ஒழுங்காக ஓடும் தேய்ந்த பிளக்கும் பழைய வயரும் வாயுவில் தடுமாறும். 2023-இல் மும்பைத் தெருக்களிலிருந்து விடைபெற்ற பத்மினி டாக்ஸிகளின் ஓட்டுநர்கள் இதனை நன்கறிவார்கள். மிக்ஸர் வைத்த பழைய வகைக் கிட்டில் காற்றுவழி முழுவதும் வாயு நிறைந்திருப்பதால், முன்னே வெடித்தால் ஏர்ஃபில்டர்ப் பெட்டியே பிளந்துவிடும். அத்தகைய வண்டியில் வெடி கேட்டால் பெட்ரோலுக்கு மாற்றிப் பார்க்கலாம். வெடி நின்றுவிட்டால் முதலில் பிளக், வயர், காயில் ஆகியவற்றையும், பின்னர் கிட்டின் வாயு அளவையும் சோதிக்கச் சொல்ல வேண்டும். வாயு நாற்றம் வந்தால் எதையும் சோதியாமல் சிலிண்டர் வால்வை மூடிவிட்டு இறங்கிவிட வேண்டும்.

பட்டறைக்குப் போகுமுன் ஒரு தாளில் குறித்துக்கொள்க: முன்னேயா பின்னேயா, இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா சூடான பிறகா, வேகம் கூட்டும்போதா குறைக்கும்போதா, கடைசியாக எதை மாற்றினோம். ஹிந்தியோ மராத்தியோ சரளமாக வராதவரும் இந்நான்கையும் சொல்லிவிடலாம். மாற்றிய பழைய சாமானைக் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளவும் தயங்க வேண்டாம்.