கராத்தே குத்தில் பலம் எங்கிருந்து வருகிறது? தசைத் தளர்வும் இறுக்கமும்

ஸ்கூடாய் பக்கம் ஒரு பள்ளி மண்டபம். மாலையில் கராத்தே வகுப்பு. புறப்பாட நடவடிக்கைப் பொறுப்பாசிரியர் என்ற முறையில் நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். நான்காம் படிவ மாணவி ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு, தோளைத் தூக்கி, கை நடுங்கக் குத்திக்கொண்டிருந்தாள். மாஸ்டர் வந்து அவள் தோளை இரண்டு விரலால் தட்டினார். "ஏம்மா, பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே மோட்டாரை முறுக்கினா வண்டி போகுமா?"

மறுவாரம் அவள் என்னிடம் வந்தாள். "சார், தசை சுருங்கினாத்தானே பலம்? மாஸ்டர் ஏன் தளர்த்தச் சொல்றாரு?"

எஸ்.பி.எம். உயிரியலில் பாடம் படித்தவளுக்கே வந்த சந்தேகம். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால் அவை ஜோடியாக இருக்கின்றன. முழங்கையை மடக்குவது இருதலைத் தசை (பைசெப்ஸ்), நீட்டுவது முத்தலைத் தசை (டிரைசெப்ஸ்). குத்தும்போது டிரைசெப்ஸ் சுருங்க வேண்டும், பைசெப்ஸ் விட்டுக்கொடுக்க வேண்டும். ஒரு தசை சுருங்கும்போது அதன் எதிர்த்தசையை நரம்பு மண்டலமே தளரச் செய்கிறது. இதை ஆராய்ந்து விளக்கிய சார்ல்ஸ் ஷெரிங்டன் 1932-இல் நோபல் பரிசு பெற்றவர். ஆனால் பயத்திலோ ஆத்திரத்திலோ கை முழுவதையும் இறுக்கினால் இரண்டு தசையும் சேர்ந்து இழுக்கும். கை கல் மாதிரி ஆகும், வேகம் செத்துப்போகும். மாஸ்டர் சொன்ன பிரேக் இதுதான்.

அப்படியென்றால் இறுக்கமே வேண்டாமா? வேண்டும், ஆனால் அதற்கு நேரம் இருக்கிறது. கனடாவில் ஸ்டூவர்ட் மெக்கில் குழுவினர் தேர்ந்த கலப்புத் தற்காப்புக் கலை வீரர்களின் தசைகளில் மின்னலைகளை அளந்து 2010-இல் வெளியிட்டார்கள். அடி கிளம்பும்போது ஓர் உச்சம், நடுவில் தளர்வு, இலக்கைத் தொடும்போது மறுபடி ஓர் உச்சம். கராத்தேக்காரர்கள் 'கிமே' என்று சொல்வது அந்த இரண்டாவது உச்சத்தைத்தான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கடைசி நொடியில் ஏன் இறுக்க வேண்டும்? நான்காம் படிவ இயற்பியலில் 'டாயா இம்பல்ஸ்' படிக்கிறோமே, அதை இங்கே போட்டுப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ளவரின் ஒரு கை ஏறக்குறைய 3 கிலோ. அது நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் போய் 0.01 நொடியில் நின்றால், சராசரி விசை 3 × 7 ÷ 0.01 = 2100 நியூட்டன். மணிக்கட்டு மடங்கி, நிற்க 0.02 நொடி ஆனால் 1050 நியூட்டன். பாதி போச்சு! தொடும் கணத்தில் முஷ்டியும் மணிக்கட்டும் உடம்போடு ஒட்டி ஒரே கட்டையாக நின்றால், கையின் எடைக்குப் பின்னால் உடம்பின் எடையும் கொஞ்சம் சேரும். வேகத்தைத் தருவது தளர்வு. அந்த வேகம் வீணாகாமல் இலக்குக்குப் போய்ச் சேர உதவுவது இறுக்கம்.

1979-இல் சயன்டிபிக் அமெரிக்கன் இதழில் வந்த 'கராத்தேயின் இயற்பியல்' கட்டுரை, தேர்ந்தவர்களின் கை நொடிக்கு 10 முதல் 14 மீட்டர் வரை பாயும் என்கிறது. கை முழுவதும் நீள்வதற்கு முன்பே, ஏறக்குறைய முக்கால் தூரத்தில், வேகம் உச்சத்தைத் தொட்டுவிடும். 'பலகையில குத்தாதே, பலகைக்குப் பின்னால குத்து' என்று பயிற்றுநர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை 2012-இல் லண்டனில் வெளியானது. கறுப்புப் பட்டை பெற்ற 12 பேரையும், அதே வயதில் உடற்பயிற்சி செய்கிற, ஆனால் கராத்தே தெரியாத 12 பேரையும் வெறும் 5 செ.மீ. தூரத்திலிருந்து குத்த வைத்தார்கள். கறுப்புப் பட்டைக்காரர்களின் குத்தே பலமானது. அந்த வித்தியாசம் தசை பலத்தில் இல்லை, தோளும் மணிக்கட்டும் வேகமெடுக்கும் நேரப் பொருத்தத்தில் இருந்தது.

நம் நாட்டுக்கு 2006 தோஹா ஆசிய விளையாட்டில் கராத்தே தங்கம் வாங்கித் தந்த புவனேஸ்வரன் ராமசாமி 55 கிலோ பிரிவுக்காரர். குமிதே போட்டியில் புள்ளி கிடைப்பது கட்டுப்படுத்திய அடிக்கு. அங்கே தோளை இறுக்குகிறவர், 'இதோ குத்தப் போறேன்' என்று எதிராளிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்.

கோஜு-ரியூ பிரிவில் சான்சின் என்ற கத்தா முழுக்க இறுக்கத்தோடுதானே செய்யப்படுகிறது என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். அது நிலைப்பையும் மூச்சையும் பழக்கும் பயிற்சி, வேகமான குத்துக்கு மாதிரி அல்ல. மூச்சை அடக்கிக்கொண்டு முக்கினால் இரத்த அழுத்தம் ஏறும். மாணவர்களை மூச்சை விட்டுக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். காற்றில் குத்தும்போது முழங்கையை முழுசாகப் பூட்டவும் விடாதீர்கள், மூட்டு வலி அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

வகுப்பறையிலேயே செய்து காட்டலாம். மாணவரை முஷ்டியையும் தோளையும் இறுக்கிக்கொண்டு காற்றில் 20 குத்து விடச் சொல்லி நேரம் பாருங்கள். சற்று ஓய்வுக்குப் பிறகு, தளர்வாக விட்டு, கடைசியில் மட்டும் முஷ்டியை மூடி 20 குத்து. பக்கத்து மாணவர் அவர் மேற்கையைத் தொட்டுப் பார்த்து, முதல் தடவை பைசெப்ஸ் எப்படி இருந்தது, இரண்டாவது தடவை எப்படி என்று குறித்துக்கொள்ளட்டும்.

தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஒன்று. 'கை நீளும்போது டிரைசெப்ஸ் சுருங்குகிறது' என்பது பாதி விடைதான். 'பைசெப்ஸ் தளர்கிறது' என்பதையும் எழுதுங்கள். அந்த மாணவி இப்போது மறப்பதில்லை. தோள்தான் இன்னும் சில நேரம் காதுவரை ஏறிவிடுகிறது, மாஸ்டர் வந்து தட்ட வேண்டியிருக்கிறது.